அரண் காப்போர்க்கு ஒரு பாடத்திட்டம்

முன்னுரை

புதுச்சேரி நகரின் வடபகுதியில், கடலை ஒட்டி அமைந்துள்ள மீனவர் குடியிருப்பு குருசுக்குப்பம். குருசு என்பது சிலுவையைக் குறிக்கப் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். குப்பம் என்பது நெய்தல் நில மக்கள் தம் குடியிருப்புக்கு இட்ட பெயர். இக்குப்பத்தில் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் நகர்ப்புற நலவாழ்வு மையம் அமைந்து, இப்பகுதிக்கும் அடுத்துள்ள வைத்திக்குப்பம் முதலிய பகுதிகளுக்கும் தொண்டாற்றி வந்துள்ளது. மருத்துவ மாணவர்கள் இங்கு வந்து, வீடுகளுக்குச் சென்று, மக்களின் உணவு, தண்ணீர், தொழில், பழக்கவழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, நோய் வருமுன் காக்கும் கலையைப் பயில்கின்றனர். மருத்துவக் கல்வியின் ஒரு பகுதி குப்பத்துத் தெருவில் நடைபெறுகின்றது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்று நம் நாட்டில் புதியதொரு தொழில் உருவாகி வருகின்றது. கணிப்பொறிகளையும் வலையமைப்புகளையும் அவற்றில் உறையும் தகவல்களையும், அவற்றை நம்பி வாழும் மக்களையும் காக்கும் இணையப் பாதுகாப்புத் தொழிலே அது. அத்தொழிலுக்கான பல்கலைக்கழகக் கல்வி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவிகளைக் கையாளக் கற்பிக்கும் பயிற்சிக் கூடமாக அக்கல்வி நின்றுவிடலாகாது. மாறாத அடிப்படைகள், சட்டம், ஒழுக்கம், காக்கப்படும் மக்களோடு பழகும் களப்பயிற்சி ஆகிய நான்கும் அதில் இடம்பெறல் வேண்டும் என்பது நம் துணிபு.

சைபர்: ஒரு சொல்லாராய்ச்சி

தமிழில் ‘சைபர்’ என்று நாம் எழுதும் சொல் உண்மையில் இரு சொற்களாகும். சுழியைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சைபர், அரபு மொழியின் ‘சிஃப்ர்’ என்னும் சொல்லிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்தது. அதே அரபுச் சொல்லே ஐரோப்பாவில் மறைகுறியீட்டைக் குறிக்கும் சொல்லாகவும் வளர்ந்தது. இணையப் பாதுகாப்பைச் சைபர் பாதுகாப்பு என்னும்போது வரும் சைபரோ கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவரைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்தது. நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1948ஆம் ஆண்டு கட்டுப்பாட்டையும் செய்திப் பரிமாற்றத்தையும் ஆராயும் துறைக்கு அச்சொல்லைக் கொண்டு பெயர் சூட்டினார். அதன் வழிவந்ததே இன்றைய சைபர்.

மறைகுறியீடும் சுக்கானும் ஒரே தமிழ் எழுத்துகளில் வந்து கலந்திருப்பது தற்செயலே எனினும் பொருத்தமாக அமைந்துவிட்டது. மறைப்பது ஒரு திறன்; கலத்தைக் கரை சேர்ப்பது வேறொரு திறன். முன்னதை மட்டும் கற்பித்துப் பின்னதை மறந்துவிடும் கல்வி, பாதிக் கல்வியே ஆகும்.

ஒரு தொழில் பல்கலைக்கழகம் புகும் வரலாறு

ஒரு தொழில் எவ்வாறு கல்வியாக வளர்கின்றது என்பதற்குப் புதுச்சேரியே நல்ல சான்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823ஆம் ஆண்டு இங்கு ஒரு மருத்துவப் பள்ளி நிறுவப்பெற்றது. ஆட்சி மாறிய பின்னர் 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1964இல் ஜிப்மர் உருவாயிற்று. 1838ஆம் ஆண்டு தொடங்கிய பிரெஞ்சுச் சட்டப் பள்ளியின் மரபில் வந்ததே இன்றைய டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. மருத்துவமும் சட்டமும் ஒரே நாளில் பட்டப்படிப்புகளாகிவிடவில்லை. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம், பதிவு, ஒழுக்க விதி என்று அவை படிப்படியாக உயர்ந்தன.

மருத்துவக் கல்வி மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிடலாகாது என்பதை இந்தியா விடுதலைக்கு முன்னரே உணர்ந்தது. போர் குழு என வழங்கும் நலவாழ்வு ஆய்வுக் குழு 1946ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், நோய்த்தடுப்பு மருத்துவத்திலும் சமுதாய மருத்துவத்திலும் மாணவர்க்கு மூன்று மாதப் பயிற்சி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. குருசுக்குப்பத்து மையம் போன்றவை அக்கருத்தின் தொடர்ச்சி எனலாம்.

இணையப் பாதுகாப்பின் வரலாறு இதனினும் மிகக் குறுகியது. 1988ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல் தானாகப் பரவி, அன்றைய இணையத்தில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. அதனைத் தொடர்ந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் அவசர உதவிக் குழு அமைந்தது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பெற்றது. செர்ட்-இன் எனப்படும் தேசிய அமைப்பு 2004இல் இயங்கத் தொடங்கியது. தகவல் பாதுகாப்புக் கல்விக்கும் விழிப்புணர்வுக்குமான நடுவண் அரசின் திட்டம் 2005இல் தொடங்கிற்று.

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓரிடம் உண்டு. கணிப்பொறி வழி நிகழும் குற்றங்களைக் குற்றவியல் நோக்கில் ஆராயும் சைபர் குற்றவியல் என்னும் துறையை, 2007ஆம் ஆண்டு அதற்கெனப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கி நிலைநிறுத்தியவர் கா. ஜெய்சங்கர் ஆவார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தமிழறிஞர் அவர். ஒருவர் நேரில் செய்ய அஞ்சும் குற்றத்தை இணைய வெளியில் ஏன் துணிந்து செய்கின்றார் என்பதை அவர் ஆராய்ந்தார். பாதுகாப்பு என்பது பொறியியலோடு முடிவதன்று, மனித நடத்தையையும் தழுவியது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

2013ஆம் ஆண்டின் தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை, ஐந்தாண்டுகளில் 5 இலட்சம் வல்லுநரை உருவாக்குவதை இலக்காகக் கொண்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குசராத்தில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் அமைந்தது. புதுச்சேரியிலும் அதற்கு ஒரு வளாகம் ஏற்பட்டது. 2022 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைக்கும் முதுநிலைக்கும் உரிய இணையப் பாதுகாப்புப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. எத்துணைப் பேர் வேண்டும் என்னும் வினாவுக்கு எண் கிடைத்துவிட்டது. அவர்கள் எத்தகையோராய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவே நம் முன் நிற்கின்றது.

மாறுவனவும் மாறாதனவும்

இத்துறையில் கருவிகள் விரைந்து மாறுகின்றன. முதலாண்டில் கற்ற மென்பொருள் நான்காம் ஆண்டில் பழையதாகிவிடக்கூடும். ஆயின் கருவிகளுக்கு அடியிலுள்ள கொள்கைகள் நெடுங்காலம் நிலைக்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்துணை முறை வருகின்றது என்று எண்ணி மறைமொழியை உடைக்கும் முறையை விளக்கி நூல் எழுதினார். மொழியின் இயல்பே மறைவின் பகையாகும் என்னும் அவர் கண்ட உண்மை இன்றும் பாடமாகின்றது. 1883ஆம் ஆண்டு கெர்க்காஃப்சு என்பவர் பிரெஞ்சுப் படைத்துறை இதழில் ஒரு விதியை வகுத்தார். பூட்டின் அமைப்பு பகைவர்க்குத் தெரிந்திருப்பினும், சாவி ஒன்று மட்டும் காக்கப்படுமாயின் பூட்டு உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து. 1975இல் சால்ட்சர், சுரோடர் என்னும் இருவர் பாதுகாப்பான அமைப்புகளுக்குரிய கொள்கைகளைத் தொகுத்தனர். ஒருவர்க்கு அவர்தம் பணிக்குத் தேவையான உரிமைக்கு மேல் வழங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பயன்படுத்துவோர் எளிதில் ஏற்று நடக்கத்தக்கதாகப் பாதுகாப்பு அமைய வேண்டும் என்பது மற்றொன்று.

கொள்கையை அறியாது கருவியை மட்டும் அறிந்தால் நேரும் இடரை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணிப்பொறிக் கோப்பு ஒன்றை வழக்கு மன்றத்தில் சான்றாக வைக்கும்போது, அது மாற்றப்படவில்லை என்பதைக் காட்ட அதன் ஹாஷ் எண் குறிக்கப்படுகின்றது. கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் சிறிய எண்ணே ஹாஷ். அதனைக் கோப்பின் கைரேகை எனலாம். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் எஸ்.எச்.ஏ.1, எஸ்.எச்.ஏ.256, எம்.டி.5 ஆகியவை தெரிவுகளாகத் தரப்பட்டுள்ளன. ஆயின் எம்.டி.5 முறையில் இருவேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகையை உண்டாக்க இயலும் என்பது 2004இலேயே மெய்ப்பிக்கப்பட்டது, எஸ்.எச்.ஏ.1 முறையிலும் 2017இல் அவ்வாறே செய்து காட்டினர். பொத்தானை அழுத்த மட்டும் கற்றவர் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் குறியிடுவார். கொள்கை கற்றவரோ எஸ்.எச்.ஏ.256 முறையைத் தேர்ந்து, அதன் காரணத்தை நீதிபதிக்கும் விளக்குவார். இவ்விருவர்க்கும் இடையேயுள்ள வேறுபாடே பயிற்சிக்கும் கல்விக்கும் உள்ள வேறுபாடாகும்.

எட்டுப் பகுதிகள்

கணிப்பொறித் துறைப் பன்னாட்டுச் சங்கங்கள் சில கூடி 2017ஆம் ஆண்டு இக்கல்விக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. தகவல், மென்பொருள், உறுப்புகள், இணைப்புகள், முழு அமைப்பு, மனிதர், நிறுவனம், சமுதாயம் என எட்டுப் பகுதிகளாக அது பாதுகாப்பைப் பகுக்கின்றது. இவை ஏட்டளவில் நிற்பன அல்ல என்பதைக் காண, மீண்டும் குப்பத்துக்கே செல்வோம்.

மீன் விற்கும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருவாய் குறைந்த அந்நாட்களில், தடைக்கால நிவாரணத் தொகை வந்துள்ளதாக ஒருவர் தொலைபேசியில் கூறுகின்றார். பணத்தைப் பெற ஒரு குறியை வருடி இரகசிய எண்ணை இடுமாறு சொல்கின்றார். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை என்னும் சிறு செய்தியை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. எண்ணை இடுகின்றார், சேமிப்பு போய்விடுகின்றது.

இங்கு எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. இணைப்பும் மென்பொருளும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தன. நிவாரணத்திற்கு உரியவர் யார் என்னும் விவரம் எவ்வாறு வெளியே சென்றது என்பது தகவல் பற்றிய வினா. பெறுதலையும் அனுப்புதலையும் திரை தெளிவாக வேறுபடுத்திக் காட்டிற்றா என்பது மென்பொருள் வடிவமைப்பைப் பற்றிய வினா. அவர் ஏன் நம்பினார் என்பது மனிதரைப் பற்றியது. வங்கி எத்துணை விரைவில் செயற்பட்டது என்பது நிறுவனத்தைப் பற்றியது. சட்டம் அவர்க்கு என்ன தீர்வு தரும் என்பது சமுதாயத்தைப் பற்றியது. மறையீட்டியலில் மட்டும் வல்லவரான பட்டதாரி ஒருவர் இவர்க்கு என்ன உதவி செய்ய இயலும்? 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் கைமாறிக் கொண்டிருக்கும்போதே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு என்பதை அறிந்த அண்டை வீட்டுச் சிறுமி அவரினும் பயனுடையவள் ஆவாள்.

முழு அமைப்பையும் நோக்கவேண்டிய தேவையைக் குப்பத்துக் கடற்கரையே கற்பிக்கின்றது. 1980களின் பிற்பகுதியில் நகரின் தெற்கே கட்டப்பட்ட துறைமுகத் தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. வடபுறக் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினர். கொட்டிய இடம் காக்கப்பட்டது, அரிப்போ மேலும் வடக்கே நகர்ந்தது. ஓரிடத்தில் எழுப்பும் அரண் தீங்கினை வேறோரிடத்திற்குத் தள்ளிவிடக்கூடும். வங்கி தன் கணிப்பொறியை நன்கு காத்துக்கொண்டால், திருடர் வாடிக்கையாளரைத் தேடி வருவதும் இவ்வாறே நிகழ்கின்றது.

சட்டமும் ஒழுக்கமும்

காப்பதைக் கற்பவர் தாக்குவதையும் கற்றாக வேண்டும். நஞ்சினை அறியாதவர் நச்சு முறிவு செய்ய இயலாது. இதனால் இக்கல்விக்குத் தனியானதொரு பொறுப்பு நேர்கின்றது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, உரியவரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறியில் நுழைந்தவர் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர். நேர்மையின்றியோ ஏமாற்றும் நோக்குடனோ அதைச் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டுகள் வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கத்தில் ஓட்டை உண்டா என்று விளையாட்டாகச் சோதிக்கும் மாணவர் இதனை முதல் வாரத்திலேயே அறிந்திருத்தல் வேண்டும்.

1988இல் இணையத்தை முடக்கிய அம்மாணவர்க்குச் சிறைத் தண்டனை விதிக்கப்படவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமுதாயத் தொண்டும், தண்டத் தொகையும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் புகழ்மிக்க பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியரானார். திறனை அழிக்காமல் நெறிப்படுத்தலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. எனினும் அந்த நெறி தண்டனைக்குப் பின்னர் வருவதைவிட வகுப்பறையில் வருவதே நன்று.

மருத்துவரும் வழக்கறிஞரும் பதிவு பெற்றே தொழில் புரிகின்றனர். தவறிழைத்தால் அப்பதிவை இழக்கின்றனர். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் அத்தகைய ஒழுங்கை நாடு முழுமைக்கும் வகுத்தது. இணையப் பாதுகாப்பு வல்லுநர் தொழிலுக்கு நம் நாட்டில் அத்தகைய பதிவுமுறை ஏற்படவில்லை. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு இதற்கென ஒரு மன்றம் அமைந்து, அடுத்த ஆண்டே அரச சாசனமும் பெற்றது. பிறர் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கும் தொழிலுக்குப் பிழைத்தாரைக் கேட்கும் மன்றம் ஒன்று இன்றியமையாதது.

குப்பத்தில் ஒரு பாதுகாப்பு மையம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2018ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கியது. மருத்துவ மாணவர் நோயாளியை ஆசிரியர் மேற்பார்வையில் கவனிப்பதுபோல, பாதுகாப்பு மாணவர் பொருள்வளம் குறைந்த தொண்டு நிறுவனங்களுக்குக் கட்டணமின்றி உதவும் மையம் அது. அதனைப் பின்பற்றிப் பல கல்லூரிகளில் இத்தகைய மையங்கள் தோன்றியுள்ளன.

இம்முறைக்கு நாம் வெளிநாட்டை மட்டும் நோக்க வேண்டியதில்லை. குருசுக்குப்பத்து நலவாழ்வு மையத்திலேயே முன்மாதிரி உள்ளது. அதுபோன்றே கல்லூரி ஒவ்வொன்றும் தனக்கு அண்மையிலுள்ள ஒரு குடியிருப்பைத் தேர்ந்து, வாரம் ஒரு நாள் பாதுகாப்பு மையம் நடத்தலாம். கைப்பேசியில் தேவையற்ற செயலி உண்டா எனப் பார்த்தல், பணம் இழந்தவர்க்குப் புகார் பதிய உதவுதல், மீனவப் பஞ்சாயத்தின் கணக்குகளையும் உறுப்பினர் விவரங்களையும் காக்கும் வழி கூறுதல் ஆகியன மாணவர் பணிகளாகும். இதற்குச் சில விதிகள் வேண்டும். எவருடைய இரகசிய எண்ணையும் மாணவர் கேட்கலாகாது. உரியவர் முன்னிலையிலன்றிக் கைப்பேசியைத் திறக்கலாகாது. கண்டதை வெளியே பேசலாகாது. ஆசிரியர் உடனிருத்தல் வேண்டும். தனிமனிதத் தகவல்களைக் காக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்தை மாணவர் இவ்வாறு நடந்தே கற்பர்.

இப்பணியில் தமிழ்த் துறைக்கும் பங்குண்டு. எச்சரிக்கைகள் பல ஆங்கிலத்தில் வருகின்றன; தமிழில் வருவனவும் சிலபோது ஆங்கிலத்தைவிடக் கடினமாக உள்ளன. கடவுச்சொல், தீயரண், மறையாக்கம் என நாம் நல்ல சொற்களைப் படைத்துள்ளோம். எனினும் ‘ஓ.டி.பி. சொல்லாதீர்கள்’ என்றால் புரிந்துகொள்பவர், ‘ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பகிரற்க’ என்றால் திகைப்பார். எச்சரிக்கை வாசகம் எழுதுவதும் ஒரு மொழிக்கலையே. கேட்பவர் அறிந்த சொல்லில், சிறு தொடரில், செய்யவேண்டியதை முதலில் கூறுவது அதன் இலக்கணம். மக்கள் ஏற்று நடக்கத்தக்கதே பாதுகாப்பு என்று 1975இல் வகுக்கப்பட்ட கொள்கையைத் தமிழ்ப்படுத்துவது என்பது இதுவேயாகும்.

சில ஐயங்கள்

வேலை தருவோர் கருவித் தேர்ச்சியையே கேட்கின்றனர், கொள்கையும் களப்பணியும் கற்பித்தால் மாணவர்க்கு வேலை கிடைக்குமா என்று பெற்றோர் வினவலாம். இவ்வினா நியாயமானதே. கடன் பெற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்திற்கு முதல் வேலையே முதற் கவலை. ஆகவே கருவிகளைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. அவற்றை ஆய்வகத்தில் வைத்து, கொள்கையின் விளக்கமாகக் கற்பிக்கவேண்டும் என்கின்றோம். 2017 மே மாதம் வானாகிரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றை நிலைகுலையச் செய்தது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சு மாதமே வெளியிட்டிருந்தது. கருவி கைக்கு எட்டியும், அதனை உரிய காலத்தில் பொருத்தும் நிருவாகம் பல இடங்களில் இல்லை. கருவி அறிந்தவர்க்கு முதல் வேலை கிடைக்கும். ஒரு நிறுவனம் எவ்வாறு இயங்குகின்றது, எங்கே தவறுகின்றது என அறிந்தவரே அவ்வேலையில் நிலைத்து உயர்வார்.

ஆசிரியர்கள் எங்கே என்பது அடுத்த ஐயம். கணிப்பொறித் துறை ஒன்றே இச்சுமையைத் தாங்க இயலாது. சட்டக் கல்லூரி ஆசிரியர், காவல் துறையின் இணையக் குற்றப் பிரிவினர், வங்கி அலுவலர், உளவியல் ஆசிரியர், தமிழாசிரியர் ஆகியோர் பகுதி பகுதியாகக் கற்பிக்கலாம். மருத்துவமும் சட்டமும் நூற்றாண்டுகளாக வேரூன்றிய புதுச்சேரியைப் போன்ற சிறு நகரில் இவர்கள் அனைவரும் ஒரு மிதிவண்டித் தொலைவிலேயே உள்ளனர்.

முடிவுரை

திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண் என்பது. நீரும் நிலமும் மலையும் காடும் சூழ்ந்த கோட்டையின் சிறப்பையெல்லாம் கூறிவந்த வள்ளுவர், அதிகாரத்தின் இறுதியில், எத்துணை மாண்புடைய அரணாயினும் செயல் மாண்பு இல்லாதவரிடத்தில் அஃது இருந்தும் இல்லாததே என்னும் கருத்தோடு முடிக்கின்றார். மதிலைப் பற்றித் தொடங்கிய அதிகாரம் மனிதரில் வந்து நிற்கின்றது. இணையப் பாதுகாப்புக் கல்வியும் அவ்வாறே அமைதல் வேண்டும். தீயரணும் மறையாக்கமும் மதில்கள். அவற்றை அமைப்பவரின் அறிவும் ஒழுக்கமும் செயலுமே அரண்.

ஒரு பட்டதாரியின் தகுதியை அளக்க, எழுத்துத் தேர்வோடு இன்னொரு தேர்வையும் வைக்கலாம் என்று தோன்றுகின்றது. குருசுக்குப்பத்தில் பணத்தை இழந்து நிற்கும் அப்பெண்மணியின் முன் அவர் அமரட்டும். இழந்த பணத்தைத் தேட அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்யவேண்டும் என்பதையும், இனி இழவாதிருக்க எதை நினைவிற் கொள்ளவேண்டும் என்பதையும், அவர்க்குப் புரியும் தமிழில், அவர் மனம் கூசாத வகையில் எடுத்துரைக்கட்டும். அத்தேர்வில் வென்றவர்க்கு நம் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கும் நாள் விரைவில் வருதல் வேண்டும் என்பதே நம் விழைவு.